கேப் டவுன் மலையை முதலில் சுற்றுங்கள், அப்புறம் ஏறுங்கள்

டர்பனிலிருந்தோ சென்னையிலிருந்தோ கேப் டவுனுக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது கேபிள் கார் டிக்கெட்டைத்தான். மேலே போய், காற்றில் நடுங்கிக்கொண்டே நாலு படம் எடுத்து, ஒரு காபி குடித்து இறங்கினால் டேபிள் மவுண்டனைப் பார்த்த கணக்கு முடிந்துவிடுகிறது. தப்பில்லை, மேலேயிருந்து தெரிகிற காட்சி நிஜமாகவே பெரிது. ஆனால் இங்கேயே குடியிருக்கிறவன் என்ற முறையில் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒன்றுதான்: ஒரு நாளை மலையைச் சுற்றுவதற்கு ஒதுக்குங்கள், ஏறுவதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலைக்குப் போனால் உச்சிக்கு ஏறுவதைவிடக் கிரிவலத்தைத்தானே நாம் பெரிதாக நினைக்கிறோம். அங்கே எட்டுத் திக்கிலும் லிங்கங்கள் இருப்பது போல இங்கே மலையைச் சுற்றி அவுலியாக்களின், அதாவது இஸ்லாமிய இறைநேசர்களின், அடக்கத்தலங்கள் வளையமாக இருக்கின்றன. நடுநடுவே கற்காலக் குகை, அடிமைகள் துணி வெளுத்த ஓடை, உலகில் வேறெங்கும் முளைக்காத செடிகள் என்று எல்லாம் வழியிலேயே வரும். கேபிள் காரில் நேரே மேலே போகிறவருக்கு இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். டேபிள் மவுண்டன் தனி மலை இல்லை. வடக்கே நகரத்தின் தலைமாட்டில் இருக்கும் சிக்னல் ஹில்லில் தொடங்கி, லயன்ஸ் ஹெட், டேபிள் மவுண்டன், டெவில்ஸ் பீக், கான்ஸ்டான்ஷியா மலைகள், சில்வர்மைன், சைமன்ஸ் டவுன் குன்றுகள் என்று தெற்கே கேப் பாயிண்ட் முனைவரை நீளும் தொடர் அது. மேற்கே அட்லாண்டிக், கிழக்கே ஃபால்ஸ் பே. 1998-இல் இதன் பெரும்பகுதி தேசியப் பூங்கா ஆனது, 2004-இல் கேப் தாவரப் பகுதியின் ஒரு பாகமாக யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் சேர்ந்தது. காரில் முழுச் சுற்றும் போய்வர ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆகும். தூரம் குறைவுதான், ஆனால் நிற்க வேண்டிய இடங்கள் அதிகம் என்பதால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? வலமாகத்தான், அதாவது மலை எப்போதும் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கட்டும். சம்பிரதாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் வண்டி ஓட்டுவது நம் ஊர் மாதிரியே இடது பக்கம். வலமாகச் சுற்றினால் ஃபால்ஸ் பே ஓரத்திலும் சரி, அட்லாண்டிக் ஓரத்திலும் சரி, கடல் உங்கள் இடது கையில் ஒட்டியே வரும், எதிர்வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் ஓரத்தில் நிறுத்திப் பார்க்கலாம். எல்லோரும் அட்லாண்டிக் பக்கம் முதலில் ஓடுவதால் கூட்டமும் உங்களுக்கு எதிர்த்திசையில்தான் இருக்கும்.

மாதம் பார்த்து வாருங்கள். மார்ச், ஏப்ரலில் காற்று அடங்கியிருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தென்கிழக்குக் காற்று ஆளைத் தள்ளும், அந்தக் காற்றுதான் மலைமேல் வெள்ளைத் துணி விரித்தது போல் மேகத்தைப் போர்த்துகிறது. பூ பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட் முதல் அக்டோபர். ஜூன், ஜூலை மழைக்காலம். கேபிள் காரைப் பராமரிப்புக்காக ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் சில நாட்கள் நிறுத்துவார்கள், டிக்கெட் வாங்குமுன் தேதியைச் சரிபார்த்துவிடுங்கள்.

போ-காப்பில் தொடங்குங்கள்

சிக்னல் ஹில் சரிவில் வண்ண வண்ண வீடுகளாக நிற்கும் போ-காப்புக்கு எல்லோரும் போகிறார்கள், சுவரில் சாய்ந்து படம் எடுக்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்த வீடுகளைத் தாண்டி மேலே ஏறி தானா பாரு என்ற பழைய மையவாடிக்குப் போங்கள். கேப் முஸ்லிம்களுக்கென்று 1805-இல் கிடைத்த முதல் அடக்க நிலம் அது. துவான் குரு அங்கேதான் அடங்கியிருக்கிறார். இந்தோனேசியத் தீவான திடோரேயைச் சேர்ந்த இளவரசர் அவர். டச்சுக்காரர்கள் 1780-இல் பிடித்துக் கொண்டுவந்து ராபன் தீவில் அடைத்தார்கள். சிறையில் குர்ஆனை நினைவிலிருந்தே எழுதி முடித்தவர், வெளியே வந்ததும் அடிமைகளின் பிள்ளைகளுக்கு மதரஸா தொடங்கினார். 1794-இல் கீழே டார்ப் தெருவில் உருவான அவ்வல் மசூதிதான் நாட்டின் முதல் மசூதி, அதன் முதல் இமாம் இவர். 1886-இல் அரசு இந்த மையவாடியை மூடியபோது ஆயிரக்கணக்கானவர்கள் தடையை மீறி ஜனாசாவை, அதாவது இறந்தவர் உடலை, தூக்கிக்கொண்டு இதே சரிவில் ஏறினார்கள். இந்த விவரமெல்லாம் தெரிந்துகொண்டு அங்கே நின்றால் கீழே தெரியும் துறைமுகமே வேறு மாதிரி தோன்றும்.

இந்த அடக்கத்தலங்களை இங்கே க்ராமத் என்பார்கள். நாகூர், ஏர்வாடி போய்ப் பழகியவர்களுக்கு ஒன்றும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றுங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள், முழங்காலுக்குக் கீழே வரும் உடை போடுங்கள், கபுருக்கு (கல்லறைக்கு) மேல் கை ஊன்றவோ அதன்மேல் சாமான் வைக்கவோ வேண்டாம். யாராவது ஓதிக்கொண்டிருந்தால் அவர்கள் முடிக்கும்வரை வாசலில் நில்லுங்கள். படம் எடுக்குமுன் அங்கே இருப்பவரைக் கேளுங்கள். எந்த மதத்தவர் வந்தாலும் வரவேற்கும் இடங்கள்தான், சுற்றுலாக் கூச்சல் மட்டும் ஆகாது. கேப் டவுனைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட க்ராமத்துகள் இருக்கின்றன. இந்த வளையம் நெருப்பு, வெள்ளம், நிலநடுக்கத்திலிருந்து நகரைக் காக்கிறது என்பது இங்குள்ள முஸ்லிம்களின் நம்பிக்கை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். தானா பாரு, சிக்னல் ஹில், கான்ஸ்டான்ஷியா, அவுடக்ரால், இந்த நான்கும் போதும்.

சிக்னல் ஹில்லுக்கும் லயன்ஸ் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள முகட்டில் பச்சைக் குமிழோடு நிற்பது ஹசன் காய்பி ஷாவின் க்ராமத். வண்டி பக்கத்திலேயே போகும், வயதானவர்களுக்கு எளிது. இதைச் சுற்றின் முதலிலோ கடைசியிலோ வைத்துக்கொள்ளலாம். பகல் 12 மணிக்கு ஞாயிறும் விடுமுறை நாளும் தவிர தினமும் இந்தக் குன்றில் பீரங்கி வெடிப்பார்கள், கைக்குழந்தை இருந்தால் அந்த நேரத்தைத் தவிருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர் கதை 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்குகிறது என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கேப்பில் அது இருநூறு வருஷம் முந்தியே தொடங்கிவிட்டது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் 1652-இல் இங்கேயும் வந்து இறங்கியது. 1808 வரை கேப்புக்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர், அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை என்று பிறந்த இடத்தையே பெயருக்குப் பின்னால் ஒட்டி ஏட்டில் எழுதினார்கள், சொந்தப் பெயரை எடுத்துவிட்டு எஜமான் வைத்த பெயரைப் போட்டார்கள். அந்த மனிதர்கள் தினமும் விறகு பொறுக்க ஏறியது இந்த மலையில். தப்பி ஓடியவர்கள் ஒளிந்ததும் இதன் மடிப்புகளில்தான். நகரத்துக்குள் பாராளுமன்றத்தை ஒட்டியிருக்கும் ஸ்லேவ் லாட்ஜ் 1679-இல் கட்டப்பட்டது, இப்போது அருங்காட்சியகம், அடிமைகளின் பெயர்கள் பொறித்த தூண் ஒன்று உள்ளே உண்டு. சுற்றுக்கு முந்தின நாள் மாலையே அதைப் பார்த்துவிட்டீர்களானால் மறுநாள் மலை உங்களுக்கு அந்நியமாக இருக்காது. தமிழ்ப் பிள்ளைகளை அழைத்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

கிழக்குச் சரிவு: வேலியும் காடும்

போ-காப்பிலிருந்து டெவில்ஸ் பீக் அடிவாரமாகப் போகும்போது இடது பக்கம் நகரத்துக்கு நடுவே காலி நிலம் தெரியும். அதுதான் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். 1966-இல் நிறவெறி அரசு இதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். மசூதிகளையும் தேவாலயங்களையும் மட்டும் இடிக்கத் துணியவில்லை, அவை இன்னும் நிற்கின்றன. நம் சிவ ஆலயம் இருக்கும் ரைலண்ட்ஸும் அதே இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் இந்தியர்களுக்கென்று கோடு கிழித்த பகுதிதான். மலையிலிருந்து தள்ளி, மணல் சமவெளியில்.

அடுத்து ரோட்ஸ் மெமோரியல், காலனிக் காலத்துக் கேப் பிரதமர் செசில் ரோட்ஸின் நினைவிடம். அந்த நினைவிடத்துக்காக அல்ல, அதன் படிகளிலிருந்து கீழே தெரியும் சால்ட் ரிவர் பக்கத்துக்காகச் சொல்கிறேன். இந்தியாவின் முதல் போர்ச்சுகீசிய வைஸ்ராய் ஃபிரான்சிஸ்கோ டி அல்மெய்டாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொச்சியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் 1510-இல் இந்தக் கரையில் இறங்கி, இந்த மண்ணின் பூர்வகுடி மேய்ப்பர்களான கொய்கொய் மக்களின் ஊருக்குள் புகுந்து, குழந்தைகளையும் மாடுகளையும் பிடித்துவர முயன்றார்கள் அவருடைய ஆட்கள். கொய்கொய்கள் மாடுகளையே அரணாக முன்னால் விட்டுத் திருப்பி அடித்ததில் வைஸ்ராயும் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களும் மாண்டார்கள். அரபிக்கடலையே அடக்கியவரை மாடு மேய்க்கிறவர்கள் வீழ்த்திய இடம் இது.

கிர்ஸ்டன்போஷ் தாவரத் தோட்டத்துக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். 1913-இல் தொடங்கியது, உள்நாட்டுச் செடிகள் மட்டுமே வளர்க்கிறார்கள். இங்கே நீங்கள் தேடிப் போக வேண்டியது 1660-இன் வேலி. கொய்கொய்களின் மேய்ச்சல் நிலத்தைப் பிடுங்கிய டச்சுக் கம்பெனித் தலைவன் ஃபான் ரீபெக், அவர்கள் உள்ளே வராமல் தடுக்கக் காட்டு வாதுமை மரங்களை வரிசையாக நட்டான். அந்த மரங்களின் ஒரு பகுதி இன்றும் உயிரோடு தோட்டத்துக்குள் இருக்கிறது, கிளைகள் தரையில் படுத்து மறுபடி வேர்விட்டு மறுபடி எழுந்து. மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய நிலப்பறிப்பை இலையும் கிளையுமாக வேறு எங்கே தொட்டுப் பார்க்க முடியும்? அந்தக் கொட்டையைப் பறித்து வாயில் போட்டுவிடாதீர்கள், நஞ்சு. நடக்க முடியாதவர்களுக்கு மர உச்சிகளுக்கு மேலே வளைந்து போகும் நடைபாலம் இருக்கிறது, சக்கர நாற்காலியும் போகும்.

செடிகளைப் பார்க்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முட்புதராகத் தெரியும். இங்குள்ள புதர்க்காட்டுக்கு ஃபைன்போஸ் என்று பெயர். மூன்று வகையை அடையாளம் கண்டால் போதும். தடித்த இலையும் பெரிய பூவுமாக இருந்தால் புரோட்டியா, ஊசி இலையும் குட்டிக் குழாய்ப் பூவுமாக இருந்தால் எரிகா, இலையே இல்லாமல் கோரை போல நின்றால் ரெஸ்டியோ. இந்தச் சின்னத் தீபகற்பத்தில் மட்டும் சுமார் 2,285 வகைத் தாவரங்கள் இருக்கின்றன. சத்தே இல்லாத மணற்கல் மண்ணில் இத்தனை எப்படி வந்தது என்றால், நெருப்பும் அதில் பாதிக் காரணம். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை எரிந்தால்தான் ஃபைன்போஸ் புதுப்பிக்கப்படும். பல செடிகளின் விதையை எறும்புகள் மண்ணுக்குள் இழுத்துப் போய்ப் புதைத்து வைக்கும், புகையும் சூடும் பட்ட பிறகுதான் அவை முளைக்கும். அடிக்கடி எரிந்தால் விதை சேருமுன்பே செடி சாகும், அதனால்தான் மனிதர் மூட்டும் தீ ஆபத்து. 2021 ஏப்ரலில் ரோட்ஸ் மெமோரியல் பக்கம் கிளம்பிய தீ கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்பறையையே எரித்துவிட்டது.

ஆகவே மலையில் எங்கேயும் கற்பூரம், ஊதுபத்தி, அகல் விளக்கு வேண்டாம். உச்சியில் ஒரு கற்பூரம் ஏற்றிக் கும்பிட வேண்டும் என்று அம்மாக்கள் ஆசைப்படுவார்கள். அந்த ஆசையை ரைலண்ட்ஸ் கோயிலில் தீர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கான்ஸ்டான்ஷியாவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, க்ளைன் கான்ஸ்டான்ஷியா போகும் வழியில், ஓடைக்கரையில் ஷேக் அப்துர்ரஹ்மான் மத்தேபே ஷாவின் க்ராமத் இருக்கிறது. மலாக்கா சுல்தான்களின் வழியில் வந்தவர், 1660-களின் கடைசியில் நாடு கடத்தப்பட்டு இங்கே வந்தார், அடிமைகளுக்கு மார்க்கம் சொல்லிக்கொடுத்தார். சுற்றிலும் ஒயின் விற்கிற ஊர், நடுவே இந்த அமைதியான இடம். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள்.

ஃபால்ஸ் பே ஓரம்

மைசன்பர்க்கிலிருந்து சாலையும் ரயிலும் கடலை உரசிக்கொண்டு போகும். ஃபிஷ் ஹுக் வந்ததும் மலைத்தொடர் சட்டென்று தாழ்ந்து, மேற்கே நூர்ட்ஹுக் வரை ஒரு மணற்பள்ளத்தாக்கு தெரியும். கடல் மட்டம் உயர்ந்திருந்த காலங்களில் இந்தப் பள்ளத்தாக்கு நீருக்குள் இருந்தது, தெற்குப் பாதி தனித் தீவாகக் கிடந்தது. பனியுகத்தில் இதற்கு நேர்மாறு, கடல் வெகுதூரம் பின்வாங்கி ஃபால்ஸ் பே முழுவதும் விலங்குகள் மேய்ந்த புல்வெளியாக இருந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பள்ளத்தாக்கின் வடக்கு ஓரத்திலுள்ள பியர்ஸ் குகையைப் பார்க்க வேண்டும். 1927-இல் விக்டர் பியர்ஸும் அவர் மகன் பெர்ட்டியும் இங்கே தோண்டினார்கள். இருவரும் தொழில்முறைத் தொல்லியலாளர்கள் இல்லை. அடுக்கடுக்காகக் கற்கருவிகளும், ஃபிஷ் ஹுக் மனிதன் என்று பெயர்பெற்ற எலும்புக்கூடும் கிடைத்தன, உலகத்து அறிஞர்கள் எல்லாம் இந்தச் சின்ன ஊரைத் திரும்பிப் பார்த்தார்கள். முறையாக அடுக்கு குறித்து வைக்காமல் தோண்டியதால் அதன் காலத்தைப் பற்றிப் பிற்பாடு நீண்ட விவாதம் நடந்தது. தொல்லியலில் பொருள் கிடைத்தால் மட்டும் போதாது, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்பதுதான் உயிர். கீழடிக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

குகைக்குத் தனியாகப் போகவே போகாதீர்கள். பாதை குழப்பும், வழிப்பறியும் நடந்திருக்கிறது. உள்ளூர் நடைக்குழுக்கள் வார இறுதிகளில் போவார்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். போனால் சுவரில் கிறுக்கல்களைப் பார்ப்பீர்கள், வயிறு எரியும். நீங்கள் ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள். கடற்கரைப் புதர்களுக்கிடையே சிப்பி ஓடுகள் குவியலாகக் கிடந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள், ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் இங்கிருந்தவர்கள் தின்று போட்ட எச்சமாக அவை இருக்கலாம். 1999-ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருளைக் கலைப்பது குற்றம்.

சைமன்ஸ் டவுனில் போல்டர்ஸ் கடற்கரைப் பென்குவின்களைப் பிள்ளைகளுக்காகப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பென்குவின் 2024-இல் மிக அபாய நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது, பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், கை நீட்டாதீர்கள்.

கேப் பாயிண்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, காட்சிதான். ஆப்பிரிக்காவின் தென்முனை இது என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம், அது இன்னும் தென்கிழக்கே உள்ள அகுல்ஹாஸ். பூங்காவுக்குள் டியாஸ், வாஸ்கோ ட காமா பெயரில் இரண்டு சிலுவைத் தூண்கள் நிற்கின்றன. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் ஃபால்ஸ் பேயில் மூழ்கிக் கிடக்கும் விட்டில் ராக் (Whittle Rock) என்ற பாறை இருக்கும் திசையைக் காட்டும், கப்பலோட்டிகளுக்கான எச்சரிக்கை. 1497 நவம்பரில் இந்த முனையைச் சுற்றிய காமா அடுத்த மே மாதம் கோழிக்கோட்டுக் கரையில் நின்றார். கலங்கரை விளக்கத்துக்கு ஏற முடியாதவர்களுக்கு இழுவை ரயில் உண்டு.

பபூன்களைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். மலைக்கோயில் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழகிய கை நமக்கு. இங்கே அது சட்டப்படி குற்றம். மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய பபூன் வீடு புகும், கடைசியில் அதைக் கொல்ல வேண்டி வரும். கார்க் கண்ணாடியை மூடி வையுங்கள், கதவைப் பூட்டுங்கள், புளியோதரைப் பொட்டலத்தைக் காருக்குள்ளேயே சாப்பிட்டு முடியுங்கள்.

அட்லாண்டிக் ஓரமாகத் திரும்புதல்

நூர்ட்ஹுக்கிலிருந்து ஹவுட் பேக்கு சாப்மன்ஸ் பீக் சாலையைப் பிடியுங்கள். 1922-இல் திறந்த சாலை, சுங்கம் உண்டு, பாறை சரிந்தால் மூடிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுத்துமிடங்களில் கடலை மட்டும் பார்க்காமல் திரும்பிச் சாலைச் சுவரையும் பாருங்கள். கீழே உருண்டு திரண்ட கருங்கல், மேலே கிடைமட்டமாக அடுக்கிய மணற்கல். கருங்கல்லுக்கு வயது சுமார் 54 கோடி வருஷம். அது தேய்ந்து மட்டமான பிறகு அதன்மேல் மணல் படிந்து இறுகியது. அந்தக் கோட்டை அளந்துதான் பொறியாளர்கள் சாலையைப் பதித்தார்கள், கருங்கல்லின் முதுகில் வண்டி ஓடுகிறது.

அப்புறம் அவுடக்ரால். விக்டோரியா சாலையோரம் வண்டியை நிறுத்திப் படிகளில் ஏறினால் மரங்களுக்கிடையே ஷேக் நூருல் முபீனின் க்ராமத். ராபன் தீவிலிருந்து தப்பி வந்து இந்தச் சரிவில் மறைந்து வாழ்ந்தார், இரவில் அடிமைகளுக்குப் போதித்தார் என்று சொல்லி வருகிறார்கள். இந்த மலைச்சரிவில் வீட்டுமனை போட 1957-இல் மாகாண நிர்வாகம் அனுமதி கொடுத்திருந்தது, இங்கே கபுருகள் இருப்பதைக் கணக்கிலேயே எடுக்காமல். பல வருஷம் கழித்து நில உரிமையாளர் வேலையைத் தொடங்கப் பார்த்தபோது வழக்கு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. அந்த அனுமதியே சட்டப்படி செல்லாத ஒன்று என்று 2004-இல் தீர்ப்பு வந்தது. இன்றுவரை தென்னாப்பிரிக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் முக்கியத் தீர்ப்புகளில் அது ஒன்று. எங்கும் பங்களாக்கள் ஏறிய இந்தக் கரையில் இந்த ஒரு சரிவு பச்சையாகத் தப்பியதற்கு அந்த அடக்கத்தலங்கள் பெரிய காரணம். காணிக்கை போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சலாம் சொல்லிவிட்டு வாருங்கள்.

மறுநாள் ஏறும்போது

இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நகரத்துப் பக்கம் பிளாட்டெக்ளிப் பள்ளம்: 1503-இல் போர்ச்சுகீசியன் சால்டான்யா ஏறிய வழி, அடியில் அடிமைப் பெண்கள் ஊர்த் துணியெல்லாம் வெளுத்த ஓடை. செங்குத்தான கல்படி, நிழலே கிடையாது, இரண்டரை மணி நேரமாவது ஆகும். காலை ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் வெயிலுக்கு முன் மேலே போய்விடலாம்.

மற்றது கிர்ஸ்டன்போஷிலிருந்து ஸ்கெலிட்டன் பள்ளம். நிழலான காடு, ஓடை, நடுவில் ஏணிகள். எனக்குப் பிடித்தது இதுதான். இதற்கு ஸ்மட்ஸ் பாதை என்றும் பெயர், முதுமையிலும் விடாமல் இந்த வழியில் ஏறிய முன்னாள் பிரதமர் ஜான் ஸ்மட்ஸின் நினைவாக. 1913 சத்தியாகிரகத்தில் நம் ஆட்களைச் சிறையில் தள்ளிய அரசில் அமைச்சராக இருந்தவரும் அவரே. அந்தச் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. அந்தப் பெண்ணின் பெயரையும் நினைத்துக்கொண்டு ஏறுங்கள். மலையின் கிழக்கு, தெற்குச் சரிவு ஓடைகளில் மட்டும்தான் டேபிள் மவுண்டன் பேய்த்தவளை வாழ்கிறது, உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் தலைப்பிரட்டை உறிஞ்சு வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடையிலேயே வளர்கிறது. ஆகவே சோப்பு, சன்ஸ்கிரீன் பூசிய கை, எதையும் ஓடையில் கழுவாதீர்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போனால் ஓடையோரத்தில் சிவப்பு டைசா பூத்திருக்கலாம். மழை பெய்து பாறை நனைந்திருந்தால் இந்த வழியில் இறங்க வேண்டாம், பக்கத்து நர்சரி பள்ளத்தில் இறங்குங்கள்.

மேலே போனதும் 1897-இலும் 1904-இலும் முடிந்த இரண்டு கல் அணைகள் வரும், நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டியவை. அங்கிருந்து மக்ளியர்ஸ் பீக்கன் வரை நடந்தால் மலையின் உச்சப்புள்ளி, 1,086 மீட்டர். கேபிள் நிலையம் இன்னும் மேற்கே இருக்கிறது.

நான்கு பேருக்குக் குறையாமல் போங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், டிசம்பரிலும் ஒரு கம்பளிச் சட்டை. பூங்கா அவசர எண்ணை அறிவிப்புப் பலகையிலிருந்து போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கீழே கேபிள் காரில் வரலாம் என்று திட்டமிட்டிருந்தாலும் முழங்காலுக்கு இறங்கும் பலம் மிச்சம் இருக்கட்டும், காற்று எழுந்தால் சங்கு ஊதி சேவையை நிறுத்திவிடுவார்கள். மேகம் மூடினால் பாதையை விட்டு நகராமல் அங்கேயே உட்காருங்கள். முன்னே எட்டு வைப்பதுதான் இந்த மலையில் உயிரை எடுப்பது.

கார் இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். கேப் டவுன் நிலையத்திலிருந்து சைமன்ஸ் டவுன் ரயில் மைசன்பர்க்குக்கு அப்புறம் கடலோரமாகவே போகும், பகல் நேரத்தில் மட்டும் ஏறுங்கள், கூட்டமுள்ள பெட்டியில் உட்காருங்கள். அட்லாண்டிக் பக்கம் கேம்ப்ஸ் பே, ஹவுட் பே வரை மைசிட்டி பஸ் ஓடுகிறது, அதில் ரொக்கமாகக் காசு வாங்க மாட்டார்கள், அட்டையில்தான் கட்ட வேண்டும். கேப் பாயிண்டுக்குப் பஸ் கிடையாது. அதற்கு மட்டும் ரயிலில் சைமன்ஸ் டவுன் போய் நாலைந்து பேராகச் சேர்ந்து டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வரும் நேரத்தையும் கூலியையும் ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள்.